கந்தோர் அலுமாரியில் இருக்கும் ஊர்ச் சரித்திரம் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு விருப்பம் வரலாறு. வீட்டில் சட்டம் படி என்று நிற்கிறார்கள், இடமும் கிடைத்துவிட்டது. சட்டத் தொழிலில் இருந்துகொண்டே ஊர்ச் சரித்திரம் எழுதியவர்கள் யாரும் இருக்கிறார்களா ஐயா? இல்லை, ஒன்றை விட்டால்தான் மற்றதா?
– ஒரு மாணவி, கல்லடி

பதில்: இருக்கிறார்கள் மகள். மட்டக்களப்போடு நேரே சம்பந்தப்பட்ட ஒருவரிலிருந்தே தொடங்குகிறேன். கிறிஸ்தோபர் பிரிட்டோ என்று ஒரு சட்டத்தரணி. 1876இல், மட்டக்களப்புப் பக்கத்து முக்குவர் சமூகத்தின் வழக்கச் சட்டமான முக்குவர் சட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பரம்பரையாக வந்த முதுசச் சொத்து ஒரு ஆணிடமிருந்து அவனுடைய பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்கு, அதாவது மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும் வழக்கம் இருந்ததே, அந்த வாரிசு விதிகளைப் பற்றியது அது. மூன்று வருஷம் கழித்து, 1879இல், மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, பின்னிணைப்பும் சொல் விளக்கமும் சேர்த்துக் கொண்டுவந்தார். ஒன்று சட்டம், மற்றது சரித்திரம், இரண்டும் ஒரே கை.

இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. "இந்தக் காணி மாமனிடமிருந்து உனக்கு எப்படி வந்தது" என்று கட்சிக்காரரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிற ஆளுக்கு, ஒரு நாளைக்கு "இந்த வழக்கமே எங்கிருந்து வந்தது" என்ற கேள்வியும் வரத்தான் செய்யும். அதிலும் காலத்தைப் பாருங்கள். பிரிட்டோவின் நூல் வந்த அதே 1876இல்தான் திருமண உரிமைகளுக்கும் வாரிசுரிமைக்குமான 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வந்தது, அதோடு முக்குவர் சட்டம் நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. ஒரு வழக்கம் சட்டப் புத்தகத்தை விட்டுப் போகிற அந்த வருஷத்திலேயே ஒரு ஆள் உட்கார்ந்து அதை எழுதி வைத்திருக்கிறார். எழுதாமல் விட்டிருந்தால், நம்முடைய பாட்டன் பூட்டன் எந்த விதிப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய இன்று நமக்கு இருக்கிற முக்கியமான ஒரு வழி அடைபட்டிருக்கும்.

அவருக்கு முன்னால் 1862இல் எச். எவ். முத்துக்கிருஷ்ணா, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையைப் புதிய பதிப்பாகக் கொண்டுவந்தார், அதைப் பற்றி நீதிமன்றங்கள் கொடுத்த தீர்ப்புகளையும் சேர்த்து. இந்தத் தீர்ப்புகள்தான் என்னைப் பொறுத்தவரை பெரிய புதையல், ஏனென்றால் சட்டத்தின் வாசகம் சொல்வது ஒன்று, வீட்டுக்குள்ளே அண்ணனும் தங்கச்சியும் சீதனத்துக்காக இழுபட்டது இன்னொன்று, அந்த இரண்டாவது விஷயம் எந்தப் புராணத்திலும் வராது. இன்னும் முன்னால் போனால் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் சாதிகளையும் அகர வரிசையில் சொல்லும் கசற்றியர் எழுதினார், 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தமிழ் புளூட்டாக் என்று எழுதினார், பிற்காலத்தில் சிலாபத்தில் நீதிபதியாக இருந்தார்.

கடலுக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூரில் சி. எம். இராமச்சந்திரன் செட்டியார், கோவைக்கிழார் என்றால் அங்குள்ளவர்களுக்கு உடனே தெரியும். அவரும் வக்கீல்தான். 'கொங்கு நாட்டு வரலாறு' அவர் எழுதியது. தன் நகரத்தைப் பற்றி 'இதுவோ எங்கள் கோவை' என்று இன்னொரு நூல். அந்தத் தலைப்பைக் கேட்டாலே ஆளின் மனசு தெரிகிறது பாருங்கள். ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுத ஆயிரம் பேர் வருவார்கள், தன் ஊரின் சரித்திரத்தை எழுத அந்த ஊர்க்காரன்தான் வர வேண்டும்.

சரி, அச்சில் வந்தவர்களைச் சொல்லிவிட்டேன். அச்சில் வராத ஒருவரையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு நான் புளியந்தீவில் ஒரு பிரக்கிராசியாரின் (அந்தக் காலத்து வக்கீல்களில் ஒரு வகை) கந்தோரில் இரண்டு வருஷம் எழுத்து வேலை பார்த்தேன். காலையில் வழக்கு, பின்னேரம் காணி உறுதி (பத்திரம்) எழுதுவது, இரவு எட்டு மணிக்கு மேல் கட்சிக்காரர் எல்லாரும் போன பிறகு அலுமாரியிலிருந்து ஒரு கொப்பியை எடுப்பார். அன்றைக்குக் கையில் வந்த பழைய உறுதிகளில் இருந்த வட்டைப் (வயல்வெளி) பெயர், குளத்தின் பெயர், வாய்க்காலின் பெயர், போடியார்மாரின் (பெரிய வயற்சொந்தக்காரர்) பெயர், எந்த வருஷம் யார் யாருக்கு எழுதிக்கொடுத்தது என்று வரிசையாக எழுதி வைப்பார். "தம்பி, எல்லையை வாசி" என்பார். நான் வாசிப்பேன்: வடக்கு இன்னாரின் காணி, கிழக்கு வாய்க்கால், தெற்கு மருதமரம், மேற்கு வண்டிப்பாதை. "இப்ப அந்த மருதமரம் நிற்குதா?" என்று கேட்பார். எனக்கு எங்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு ஓடம் ஏறி, மரத்தைத் தேடிப் போவார். மரம் இருக்காது, ஆனால் அந்த இடத்தில் ஒரு கிழவர் இருப்பார், அவர் மரம் விழுந்த கதையைச் சொல்வார், அதோடு இன்னும் பத்துக் கதையும் சொல்வார். அதுவும் கொப்பியில் ஏறும்.

பதினாறு பதினேழு கொப்பி சேர்ந்திருந்தது. நூலாகப் போடச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள், "இன்னும் இரண்டு ஊர் பார்க்கக் கிடக்கு" என்பார். அவர் கண்ணை மூடிய பிறகு கந்தோரை ஒதுக்கியவர்கள் பழைய கடதாசி என்று எல்லாவற்றையும் நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். எனக்குச் செய்தி வந்து நான் ஓடிப்போவதற்கு இரண்டு கிழமை ஆகிவிட்டது. பஸ் நிலையத்தில் கச்சான் வாங்கும்போதெல்லாம் சுற்றிய தாளைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்ததுதான், இன்னும் விடவில்லை.

அதனால் மகள், வீட்டில் சொல்வதைக் கேட்டுச் சட்டம் படியுங்கள். வரலாற்றை விட வேண்டாம், ஆனால் கொப்பி நிரம்புகிற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு ஊரைப் பற்றி எழுதி முடிந்தால் அந்த ஒரு ஊரை உடனே அச்சில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: "வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான்" என்று எங்கள் அம்மம்மா சொல்வா. நீங்கள் சொல்லும் முக்குவர் சட்டம்தானா அது? எங்களுக்கும் யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்கும் சம்பந்தம் இருக்கிறதா?
– ஒரு வாசகி, திருக்கோவில்

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். சம்பந்தம் இல்லை. தேசவழமையை 1707இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் எழுத்தில் கொண்டுவந்தார்கள், அது வடக்குத் தமிழருக்கு உரிய சட்டம். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான். வடக்கிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் வழக்கு என்றால் அது தனிக் கதை, அதற்கு ஒரு சட்டத்தரணியைத்தான் பார்க்க வேண்டும்.

அம்மம்மா சொல்வது சட்டமாக இப்போது எங்கும் எழுதப்படவில்லை தங்கச்சி, ஆனால் எழுதப்பட்ட சட்டத்தைவிட உறுதியாக நிற்கிறது. நம் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்குத் தாய் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பக்கத்து வளவில் இன்னொரு வீடு கட்டிப் போவார்கள், அடுத்த மகளுக்கு அது. ஒரு தெருவில் வரிசையாக நாலு வீட்டில் அக்கா தங்கச்சிமார் இருப்பதைப் பார்த்தால் வெளியூர்க்காரர் ஆச்சரியப்படுவார்கள், நமக்கு அது ஒன்றும் புதிதில்லை. குடி என்கிற குலப் பிரிவும் தாய் வழிதான். காலிங்காகுடித் தாய்க்குப் பிறந்த பிள்ளை காலிங்காகுடி, தகப்பன் உலகிப்போடிகுடியாக இருந்தாலும். ஒரே குடிக்குள் கட்டக் கூடாது. இது தமிழருக்கு மட்டும் உரியதும் அல்ல, அக்கரைப்பற்றிலும் காத்தான்குடியிலும் முஸ்லிம் மக்களிடமும் தாய்வழிக் குடி உண்டு, பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் என்ற முறை இருந்தது.

முக்குவர் சட்டத்தில் மாமன் சொத்து மருமகனுக்குப் போனது. இப்போதைய வழக்கத்தில் தாயின் வீடு மகளுக்குப் போகிறது. இரண்டும் ஒன்று அல்ல, ஆனால் இரண்டிலும் சொத்து ஓடுகிற வாய்க்கால் பெண் வழிதான். 1876க்குப் பிறகு நீதிமன்றம் ஒரு பக்கம் போனது, ஊர் மற்றப் பக்கம் போனது, ஊர் தன் வழக்கத்தைச் சீதன உறுதி வழியாகவே காப்பாற்றிக்கொண்டது. பெண்ணுக்கு, பத்திரம் எழுதிச் சான்று கொடுக்கும் நொத்தாரிசு முன்னால் உறுதி முடித்துக் கொடுத்துவிட்டால் வாரிசுச் சட்டம் என்ன சொன்னால் என்ன? இந்தப் புத்தியைக் கண்டுபிடித்தது எந்தப் பேராசிரியரும் இல்லை, நம்முடைய அம்மம்மாமார்தான்.

இதெல்லாம் தெரியாமல் வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதைச் சுனாமிக்குப் பிறகு கண்ணால் பார்த்தோம். வீடு கட்டிக் கொடுக்க வந்தவர்கள் "குடும்பத் தலைவர் யார்" என்று கேட்டுப் பல இடங்களில் ஆணின் பெயரில் எழுதினார்கள். கடல் கொண்டுபோனது தாயின் வீடு, திரும்பி வந்தது கணவன் பெயரில். அதைக் கேட்டு அழுத பெண்களை நான் கல்முனைப் பக்கத்தில் கண்டிருக்கிறேன். ஊர் வரலாறு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

கேள்வி: அப்புக்காத்து, பிரக்கிராசி: என்ன வித்தியாசம்? இப்போது ஏன் அந்தச் சொற்கள் இல்லை?
– ஒரு வாசகர், ஏறாவூர்

பதில்: அப்புக்காத்து மன்றில் எழுந்து வாதாடுபவர். பிரக்கிராசி கட்சிக்காரரை முதலில் சந்தித்து, பத்திரங்களைத் தயாரித்து, வழக்கை நடத்துபவர். கீழ் நீதிமன்றங்களில் அவரும் பேசுவார், பலர் நொத்தாரிசாகவும் இருந்தார்கள். 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியது, 1974இலிருந்து எல்லாரும் சட்டத்தரணிதான். ஊர்ச் சரித்திரத்துக்கு உதவியவர் அதிகம் பிரக்கிராசிதான் என்பது என் எண்ணம், ஏனென்றால் மண் ஒட்டிய கடதாசி எல்லாம் அவர் மேசைக்குத்தான் வந்தது.

கேள்வி: எங்கள் கோயிலில் வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) உரிமை பற்றி இரண்டு பகுதிக்குள் பேச்சு நடக்கிறது. ஒரு பகுதியினர் கல்வெட்டைக் காட்டுகிறார்கள். அதைச் சரித்திரம் என்று எடுக்கலாமா? படித்த ஒருவர், அதுவும் சட்டம் படித்தவர், அதை வைத்துப் புத்தகமே எழுதப்போகிறாராம்.
– ஊர் பேர் வேண்டாம், படுவான்கரை

பதில்: உங்கள் கோயில் வழக்குக்குள் நான் வர மாட்டேன், அது உங்கள் ஊர் பெரியவர்கள் முடிக்க வேண்டியது. கல்வெட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெளியில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது. நம் பகுதியில் அந்தச் சொல் ஏட்டில் எழுதிய பாட்டையும் குறிக்கும். கோயில் எப்படி வந்தது, எந்தக் குடிக்கு எந்த வரிசை, எந்த ஊருக்கு எந்தப் பங்கு என்று பாட்டாக இருக்கும். (செத்த வீட்டுக்கு முப்பத்தோராம் நாள் அச்சடிக்கிற நூலையும் கல்வெட்டு என்றுதான் சொல்கிறோம். அதைக் குப்பையில் போடாதீர்கள், வம்சாவளி எழுத அதைப்போல உதவுவது வேறில்லை.) இந்தப் பாட்டுகளும் உரைநடையும் சேர்ந்ததுதான் மட்டக்களப்பு மான்மியம், எவ். எக்ஸ். சி. நடராசா அதை 1962இல் பதிப்பித்தார். மாகோன் என்ற அரசன் வந்து குடிகளுக்கும் கோயில்களுக்கும் முறை வகுத்தான் என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பரம்பரையிலிருந்து வருவதுதான். அடுத்து 1964இல் வித்துவான் வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம். இவற்றுக்கு நெடுநாள் முன்னால், 1921இல், எஸ். ஓ. கனகரெத்தினம் முதலியார் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல். இந்த மூன்றையும் மேசையில் வைத்துக்கொள்ளாமல் யாரும் நம் பகுதியைப் பற்றி எழுதத் தொடங்கக் கூடாது.

ஆனால் ஏட்டுக் கல்வெட்டு ஒரே நாளில் ஒரே ஆள் எழுதியது அல்ல. படியெடுக்க எடுக்க அதில் ஒரு வரி கூடும், ஒரு பெயர் மாறும். என்னுடைய பிரக்கிராசியார் இப்படி ஏடு வந்தால் மூன்று கேள்வி கேட்பார்: யார் கையிலிருந்து வருகிறது, அவர் கைக்கு எப்படி வந்தது, இதில் எழுதியிருப்பதால் இன்றைக்கு யாருக்கு லாபம். மூன்றாவது கேள்விக்குப் பதில் "ஏட்டைக் கொண்டுவந்தவருக்கு" என்று வந்தால் இன்னொரு படி தேடுவார். பொய் என்று தூக்கிப் போட மாட்டார், அதுதான் முக்கியம். "இதை எழுதின காலத்தில ஆக்கள் எதை நம்பினாங்க, எதுக்காகச் சண்டை பிடிச்சாங்க எண்டு இது சொல்லும், அதுவே போதும்" என்பார்.

சட்டம் படித்தவருக்கு இந்தக் கண் இருக்கும். இன்னொரு பழக்கமும் இருக்கும், அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். கட்சிக்காரர் பக்கம் பேசிப் பேசி வந்தவர் சரித்திரத்திலும் ஒரு கட்சிக்காரரைத் தேடிக்கொள்வார். தன் குடி, தன் கோயில், தன் ஊர். எதிர்த்தரப்புக்கு உதவுகிற ஏடு கிடைத்தால் மன்றில் அதைக் காட்டாமல் விடலாம், புத்தகத்தில் விடக் கூடாது. உங்கள் ஊர்ச் சட்டத்தரணியைச் சந்தித்தால் என் சார்பில் இதை மட்டும் கேளுங்கள்: மற்றப் பகுதியினரிடம் இருக்கிற ஏட்டையும் அதே புத்தகத்தில், அதே அளவு எழுத்தில் போடுவாரா? போடுவேன் என்றால் என் பிரதிக்கு இப்போதே காசு அனுப்புகிறேன்.

கேள்வி: அப்பாவின் பெட்டியில் பழைய உறுதிகள், ஒரு கட்டு. சில துண்டுகளைக் கறையான் தின்றுவிட்டது. காணிகள் இப்போது எங்களிடம் இல்லை. வைத்திருந்து பயன் உண்டா?
– ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: காணி போனாலும் உறுதியை எறிய வேண்டாம் ஐயா. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னால் எழுதிச் சாட்சி வைத்தே ஆக வேண்டும் என்று ஆனது. அதனால் அரசனைப் பற்றி ஏடு இல்லாத சின்னக் கிராமத்துக்கும் நூற்றைம்பது வருஷத்துக் கடதாசி இருக்கிறது. யார் போடியார், யார் போடியாருக்காக வயலைப் பார்த்த முல்லைக்காரன், ஒரு வயல் எத்தனை அவணம் விதைப்பு, எந்தப் பெண்ணுக்கு எதைச் சீதனம் கொடுத்தார்கள், எல்லாம் அதற்குள் இருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 சுனாமியும் நம் கரையில் எத்தனை பெட்டிகளைக் கொண்டுபோயின என்பதை நினைத்தால், உங்கள் பெட்டி தப்பியதே பெரிய விஷயம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் நிழலில் காற்றாட விரியுங்கள், வெயிலில் போட வேண்டாம், மை போய்விடும். லமினேட் செய்யவே வேண்டாம், பிறகு யாராலும் அதைத் திருத்த முடியாது. கிழிசலுக்கு ஒட்டுகிற டேப்பும் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும், பின்பக்கத்தில் இருக்கிற முத்திரையையும் பதிவு இலக்கத்தையும் சேர்த்து, பகல் வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். கறையான் தின்ற பகுதிக்கும் வழி உண்டு. நொத்தாரிசு ஒரு பிரதியைத் தன்னிடம் வைப்பார், இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், ஆகவே உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேடுவிக்கலாம். முதலில் அந்த மூன்றும் எந்தெந்தத் துண்டில் தப்பியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், சாட்சிக் கையெழுத்துக்குக் கீழே இருக்கும்.